மூன்று விளிம்பு

லத்தேரி தாண்டி, ஏரிக்கரையில் ஏழு மணிக்கே வெயில்.
காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் லென்ஸ்,
அட்டையில் செருகிய படிவம்.
படிவத்தில் இரண்டே கட்டம்:
உள்ளூர். வந்தேறி.

முதலில் விரலை நம்பு.
தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உருட்டு.
வழுக்கி உருண்டால் புல்.
மூன்று இடத்தில் தடுக்கித் தடுக்கி நின்றால் கோரை.
கிள்ளிப் பார்: புல்லுக்குள் காற்று,
கோரைக்குள் வெள்ளைப் பஞ்சு.
கோரைக்குக் கணு கிடையாது,
அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சு.

இவ்வளவும் சுலபம்.
இரண்டாம் நாளே காசாம்பு என்னைவிட வேகமாக உருட்டினாள்.
"இது புல்லு, இது கோர, இதுவும் கோர,
இது இன்னாமே, பீடித்துண்டு."

கஷ்டம் அதற்குப் பிறகு.
மாட்டுக்கு ஆகுமென்று எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட எருமைப்புல்லும்,
நெல்லுக்கு நடுவில் ஒளிந்து களையெடுப்பவளை ஏமாற்றும்
குதிரைவாலியின் காட்டுத் தங்கையும்
முழங்கால் தண்ணீரில் ஒரே பச்சை.
இலையை மெல்லப் பின்னால் வளைக்க வேண்டும்.
மூட்டில் மயிர் வரிசையாய் ஒரு சின்ன நாக்கு தெரிந்தால் எருமைப்புல்.
கணுவிலும் அதற்கு நரைத்த தாடி.
மற்றதற்கு நாக்கே கிடையாது,
அந்த இடம் மொழுக்கென்று இருக்கும்.

அப்புறம் குடைக்கோரை.
யார் வீட்டு வாசலிலோ அழகுக்கு வைத்த தொட்டி,
உடைந்த நாளில் கால்வாய் பிடித்து இங்கே வந்துவிட்டது.
உச்சியில் பதினைந்து இருபது இலை,
குடைக்கம்பி போல் சமமாய்.
நம் பாய்க்கோரைக்கு மூன்று, நான்கு,
அதுவும் ஏனோதானோவென்று.
எண்ணத் தெரிந்தால் போதும்.

எண்ணத் தெரிந்த நான்தான்
புரட்டாசியில் சிவப்புத் துணி கட்டினேன்.
மேற்குத் துறையில் எல்லப்பனின் ஆடுகள் முந்தியிருந்தன.
தலையெல்லாம் போய் வெறும் பச்சைக் குச்சிகள்,
மூன்று விளிம்பு, இலை இல்லை.
தலை போனால் இரண்டுமே அப்படித்தான்.
அடர்த்தியைப் பார்த்தேன், முடிவு கட்டினேன்:
இவ்வளவு நெருக்கமாய் நின்றால் அந்நியமாகத்தான் இருக்கும்.
இரண்டு நாள், பதினெட்டுப் பேர், வேரோடு.

ஐப்பசி மழை கழித்துப் போனால்
துணி கட்டாத பக்கம் குடை குடையாய் விரிந்திருந்தது.
பிடுங்கிய இடத்தில் எருமைப்புல்,
கணுவுக்குக் கணு வேர்.
காசாம்பு கரையில் நின்று பார்த்தாள்.
"அப்போ நாம்ப பிடுங்கனது?"
பாய்க்கோரை என்றேன்.
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.
"கூலி வந்துட்ச்சி, வுடு."

வந்தேறி.
இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது ஏரியில் அல்ல,
பேரணாம்பட்டு பஸ்ஸில்.
அம்மாவிடம் போனில் உருதுவில் பேசிக்கொண்டிருந்தேன்,
பின் சீட்டிலிருந்து வந்தது.
இறங்கும்வரை நான் திரும்பவில்லை.

புல்லையும் ஆளையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன்.
எருமைப்புல் நிஜமாகவே தண்ணீரின் மூச்சை அடைக்கிறது,
அதற்கடியில் தவளைக்குக்கூட இடமில்லை,
பிடுங்கத்தான் வேண்டும், நாளைக்கும் பிடுங்குவேன்.
ஆனால் நெருக்கமாய் நின்றதைப் பார்த்து
அந்நியம் என்று துணி கட்டியது
இந்தக் கைதான்.

படிவத்தை வாங்கிப் பார்த்தார் முனிரத்தினம் சார்.
"சந்தேகத்துக்கெல்லாம் கட்டம் இல்லம்மா,
ரெண்டுல ஒண்ணு போடு."

ஸ்கேல் இல்லை.
லென்ஸ் பெட்டியின் விளிம்பை வைத்து
மூன்றாவதாய் ஒரு கோடு இழுத்தேன், கொஞ்சம் கோணல்.
மேலே எழுதினேன்: ஆடு தின்றது.

இந்த வாரம் அதில்
நாற்பத்தொரு தண்டு.