சிவப்பு மை

அப்பாவின் பறப்புக் குறிப்பேட்டில்
இரவுப் பயணங்கள் சிவப்பு மையில்.
விமானப்படை வழக்கமாம்.
எஸ்ஸன், ஐந்து மணி நாற்பது நிமிடம்.
மறுபடி எஸ்ஸன்.
ஸ்டுட்கார்ட்: "மேகம். இலக்கு எரிந்தது. லோர்ன் இல்லை."
லோர்ன் யாரென்று கேட்டால்
கோழிக்கூட்டைச் சாத்தவில்லையென்று
ஞாபகம் வந்துவிடும், எழுந்து போவார்.

முப்பதாவது பயணத்துக்குக் கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே, யாரும் கேட்காமலே,
மனிடோபா.

"விமானம்: ஃபோர்டு லாரி.
பிராண்டன், பல் வைத்தியர். ஒரு மணி பத்து.
பயணி: மாவிஸ். போகும்போது அழுகை,
வரும்போது உறக்கம்."
"வின்னிபெக், அடுப்பு வாங்க. எதிர்காற்று."
கோதுமை விலை விழுந்த வருடம்
ஒரு பக்கம் முழுக்க வெறுமை.

அறுவடை முடிந்து பக்கத்துப் பண்ணையார்
தாளைக் கொளுத்தும் மாலைகளில்
திரைகளை எல்லாம் இழுத்துவிடுவார்.
ஒரே ஒருமுறை சொன்னார்:
"மேலேயிருந்து பார்க்க
அழகாத்தான் இருந்தது. அதான்."

நான் பிறந்த ராத்திரியும் இருக்கிறது, சிவப்பில்.
"பனிப்புயல். ஒரு விளக்கு எரியவில்லை.
போனவர் இருவர்.
ஐந்தாம் நாள் திரும்பியவர் மூவர்."
அந்த 'மூவர்' மேல் பேனா
இன்னொரு தரம் ஓடியிருக்கிறது,
எண்ணிச் சரிபார்த்ததுபோல.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
பகல்தான், நீல மை போதும் என்கிறாள் மாவிஸ்.
தூரம், நேரம், காற்று எழுதிவிட்டாள்.
போனவர் எத்தனை என்ற இடத்தில்
என்னைப் பார்க்கிறாள்.