போலீஸ்காரனைக் கடித்துத் தின்பது

ரொசாரியோவில் விடிகாலை நான்கு மணிக்கு
அடுப்பிலிருந்து இறங்கும் நீள ரொட்டிக்குப்
போலீஸ்காரன் என்று பெயர்.
உருண்டையாய்ச் சர்க்கரை பூசியது
துறவியின் கொட்டை.
அரசும் வேண்டாம் ஆண்டவனும் வேண்டாம் என்ற
பழைய அடுப்புக்காரர்கள்
வேலைநிறுத்தம் முடிந்த கையோடு
வைத்த பெயர்கள் என்பார்கள்.
தங்களை அவர்கள் அழைத்துக்கொண்ட சொல்
லிபெர்த்தாரியோ.
சங்கக் கட்டடத்தின் நெற்றியில் இன்னும் இருக்கிறது,
இரண்டு எழுத்து உதிர்ந்து.

அதே சொல்லைத்தான்
உணவுப்பையின் முதுகில் ஒட்டியிருக்கிறான் நவுயெல்.
மஞ்சள் ஸ்டிக்கர், சுருண்ட பாம்பு.
"எனக்கு முதலாளி கிடையாது" என்கிறான்
ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிரிசெல்டா சிரிக்கவில்லை.
முதலாளி இரவோடிரவாகப் பூட்டிவிட்டுப் போன பேக்கரியைப்
பதினோரு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள்.
பூட்டை உடைத்த அன்று
மாவு புளித்துப் பொங்கித்
தொட்டியைத் தாண்டித் தரைக்கு வந்திருந்தது.
அவளும் தன்னை அதே சொல்லால்தான் அழைத்துக்கொள்கிறாள்.

குளிர்கால இரவில்
ஒற்றைப் போர்வையை இரண்டு பேர் இழுப்பதுபோல.

அவன் சொல்வது:
அம்மா வாசலில் எம்பனாதா விற்றாள்.
நகராட்சி ஆள் வந்தான். உரிமம் எங்கே என்றான்.
கொதிக்கும் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டுச்
சட்டியை எடுத்துப் போனான்.
"விற்பவளுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில்
மூன்றாவதாய் ஒருவன் எதற்கு?
அவனை நீக்கு. மிச்சமிருப்பது சந்தை.
மிச்சமிருப்பதுதான் விடுதலை."

பொய்யில்லை.
அந்தச் சட்டி திரும்பி வரவே இல்லை.

அவள் மாவை அறைந்தபடி:
"சரி, மூன்றாமவன் போய்விட்டான்.
செவ்வாய்க்கிழமை மழையில் ஒரு ஆர்டரை மறுத்தாயே,
எட்டு மணி நேரம் உன்னைப் பூட்டி வைத்தது யார்?
உரிமம் கேட்டவனுக்கு முகமாவது இருந்தது.
திட்டினால் காது சிவந்தது."

"பிடிக்காவிட்டால் வெளியேறலாம்."
"எங்கே?"
"இன்னொரு ஆப்."
"அப்புறம்?"

சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தான், சும்மா.
பிறகு கேட்டான்:
"பத்துப் பேர் கை தூக்கி
முட்டி வலிக்கும் ஒஸ்வால்தோவை
மூன்று மணிக்கு வரச் சொன்னீர்களே,
அதற்கு என்ன பெயர்?
அதற்கும் ஒரு ரொட்டி சுடுவீர்களா?"

இப்போது அவள் கை நின்றது.
உள்ளே ஒஸ்வால்தோ
கேட்காததுபோல் தட்டுகளை அடுக்கினான்,
தேவைக்கு மேல் சத்தமாக.

தமிழில் எழுதுகிறவளுக்கு இதில் என்ன வேலை?
என் மொழியில் கட்டு என்று ஒரு சொல்.
விறகுக்கும் அது, காயத்துக்கும் அது, நோட்டுக்கும் அது.
எது இறுக்குகிறது, எது ஆற்றுகிறது என்று
அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.
வீடு என்று இன்னொன்று.
விடுபடுவதும் அதுவே,
மாதம் பிறந்தால் வாடகை கேட்பதும் அதுவே.
முன்னோர்கள் அதைப் பொருளின் பக்கத்தில் வைக்கவில்லை,
நடுவில் இன்பத்தை உட்கார வைத்தார்கள்.
காரணம் எனக்குத் தெரியாது.
ஆனால் அந்த நேரத்தில் அடுப்பு திறந்தது,
வெண்ணெய் மணம் வந்தது,
இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஓரம் கருகிய ஒரு போலீஸ்காரனை
அவள் அவன் பக்கம் தள்ளினாள்.
"விலை சொல்."
"கருகியது. விலை கிடையாது."
"இனாம் வாங்கமாட்டேன்."
"நான் விற்கமாட்டேன்."

ஃபோன் அலறியது.
ஏழு நிமிடம், மூன்று கிலோமீட்டர்.
போலீஸ்காரனின் தலை வாய்க்குள் இருக்க
பெடலை மிதித்தான்.

மேசையில், மாவின் மேல்,
இப்போதெல்லாம் எதையுமே வாங்க முடியாத
ஒரு நூறு பெசோ நோட்டு.
அவள் அதை எடுக்கவில்லை.
தள்ளவும் இல்லை.
அதைச் சுற்றி
அடுத்த மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.