பேஹெட் சாலை, காலை நாலரை

பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன்
டர்பன் துறைமுகத்தை,
பல்கலைக்கழகத்து மூன்றாம் மாடியில்.
ஒருமுறைகூட மழை பெய்யவில்லை.

லாரிகள் வந்தன, நின்றன, போயின.
சராசரிக் காத்திருப்பு நாற்பத்தோரு நிமிடம்,
இரண்டு கூடக் குறைய.
அந்தக் கட்டுரையால்தான் பேராசிரியர் ஆனேன்.

இன்று தூறலில், கடிகாரமும் அட்டையுமாக
வரிசையோரம் நிற்கிறேன்.
நேற்றிரவு வந்து இன்னும் நகராத லாரி.
அட்டையில் பதினேழாம் எண், ஓட்டுநர் தண்டேகா
இறங்குகிறாள்,
சக்கரத்தின் மறைவைப் பார்க்கிறாள்,
என்னைப் பார்க்கிறாள்,
திரும்ப ஏறிக்கொள்கிறாள்.

என் சிமுலேஷனில் இத்தனை வருஷம்
ஒருவருக்கும் ஒன்றுக்கு முட்டியதில்லை.

அட்டையில் அதற்குக் கட்டமும் இல்லை.
முதுகைத் திருப்பிக்கொண்டேன்.
கதவுச் சத்தம்.
கப்பல் விளக்குகளை எண்ணுகிறேன்:
ஒன்று, இரண்டு,
மூன்றாவதை
வேண்டுமென்றே மெதுவாக.