நெருப்பிருக்கோ

ஒன்பதாம் நாள் இரவு பதினொன்றரைக்கு
வசீகரி கோல் எடுக்கிறாள்.
"ஒண்டே ஒண்டு, றெஜி.
பாதியில நூத்துப்போடுறன்."
புழுக்கொடியலைக் கடி என்கிறேன்.
"கடிச்சுக் கடிச்சு தாடை நோகுது."
நோகட்டும்.
இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறோம்,
அவள் கடிக்கிற சத்தம் மட்டும்
வட்டக்கச்சியிலிருந்து பரந்தனுக்கு வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் தந்திருந்தார்கள்,
புகைத்தலைக் கைவிட விரும்புவோருக்கு.
முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டான் சுயந்தன்.
பெயர்.
அடையாள அட்டையில் ஒன்று, வாயில் ஒன்று.
இரண்டாவது, ஆணா பெண்ணா.
வசீகரி பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.
கீழே எங்கேயோ:
ஏன் ஆரம்பித்தீர்கள்?
அந்த ஏனுக்கு
ஒன்றரை அங்குலக் கோடு விட்டிருந்தார்கள்.

படிவத்தை மடித்துக்கொண்டு வந்து
என் தையல் கடையின் பின்னறையில் எழுதினோம்.
கோடு போதவில்லை.

சுயந்தனுக்கு, சந்தித் தேத்தண்ணிக் கடை.
கையில் ஒன்று புகைந்தால்
குரலை ஒருத்தரும் கவனிக்கிறதில்லை.
முளைக்காத மீசைக்குப் பதிலாய்
ஆறு வருசம் புகை நின்றது.

வசீகரிக்கு, வவுனியா பஸ் நிலையம்.
வீட்டால் துரத்தின அன்று
சோற்றுப் பார்சல் நானூறு, ஒற்றைச் சிகரட் நூறு.
நூறு ரூபாய்க்குப் பசி அடங்குமெண்டால்
நீங்கள் எதை வாங்குவீர்கள் என்று கேட்டாள்,
படிவத்தைப் பார்த்து.

எனக்கு, இரணைமடுக் கட்டு.
நெருப்பிருக்கோ என்று கேட்டபடி ஒருவன் வந்தான்.
அவனது சட்டைப் பையில் தீப்பெட்டி குலுங்கியது.
எனக்குக் கேட்டது.
எனக்குக் கேட்டதென்று அவனுக்கும் தெரிந்தது.
இரண்டு வருசம் கழித்து
அவனது கலியாணச் சட்டைக்கு நான்தான் அளவெடுத்தேன்.
கழுத்து பதினைந்தரை.
அன்று மட்டும் இரண்டு பெட்டி.

புகை மேலே தெரியக்கூடாதென்று
பகலில் அடுப்பு மூட்டாத காலத்தில் பிறந்த நாங்கள்
பிறகு இதற்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டோம்.

வெட்டு மேசையில் சோக்கால் கோடு கீறுவோம்,
நாளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு வரிசை.
பதினேழாம் நாள்
சுயந்தன் ஒரு செத்தவீட்டுக்குப் போனான்.
பழைய பெயரைச் சொல்லிக்
கட்டிப்பிடித்து அழுதார்களாம்.
பின்னேரம் வந்தவனில் மணத்தது.
ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.
தன் வரிசையை உள்ளங்கையால் அழித்தான்.
வசீகரி எழும்பி
தன்னுடையதையும் அழித்தாள்.
"தனிய எண்ணினா நாள் போகாதடா.
நாளைக்கு ரெண்டு பேருக்கும் முதலாம் நாள்."
நான் அழிக்கவில்லை.
எனக்கு அந்தளவு மனசு காணாது.
அன்று முழுக்க
என் பதினேழு கோட்டைப் பார்க்க வெட்கமாயிருந்தது.

ஒன்று மட்டும் படிவத்தில் இல்லை:
விட்டுவிட்டால்
இனி எதைக் கேட்டுக்கொண்டு
ஒருவன் பக்கத்தில் போய் நிற்பது?

போன வெள்ளி கட்டில் இருந்தோம்,
மூன்று பேரும், பையில் ஒடியலோடு.
குளம் வற்றிக் கிடந்தது.
ஐம்பது வயதிருக்கும், கந்தோர் உடுப்பு,
ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
ஒரு மனிதர் வந்தார்.
எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.
"தம்பி, நெருப்பிருக்கோ?"
காற்சட்டைப் பையில்
அவரது தீப்பெட்டி மெல்லக் குலுங்கியது.

சுயந்தன் என்னைப் பார்த்தான்.
நான் கொஞ்சம் நகர்ந்து இருந்தேன்.
"நெருப்பில்லை ஐயா," என்றேன்.
"ஒடியல் இருக்கு. இருங்கோ."

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
முன்பல்லால் கடிக்கப் பார்த்தார்.

"கடைவாயால," என்றாள் வசீகரி,
"கடைவாயால கடியுங்கோ."