இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்

பழைய பேர் பத்தாங் பெர்ஜுந்தை.
பலகையில் புதுப்பேர் ஏறிப் பல வருஷமாகியும்
லோரிக்காரர்கள் பழைய பேர் சொல்லியே வழி கேட்கிறார்கள்.
பெட்ரோல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சடக்கு,
சடக்குக்கு அந்தப் பக்கம் செம்பனை,
செம்பனைக்கு அந்தப் பக்கமும் செம்பனை.

சம்பளச் சனிக்கிழமை.
ஐந்து பையன்கள், மூன்று மோட்டார்.
எதிர்வரிசை ஆ லியோங் கடையில் தட்டைப் போத்தல் சம்சு.
என்னிடம் மின்னல் படம் போட்ட டின்.
"ஆறா எடுங்க, மூணு சும்மா" என்றேன்.
அப்படிச் சொல்லச் சொல்லி மேனேஜர் உத்தரவு.
சொன்னது என்னவோ நான்தான்.

தர்வினுக்கு மில்லில் வேலை,
பழம் வேகும் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம்.
பாதி டின்னைக் குடித்துவிட்டு
காலியான பாதியில் சம்சு ஊற்றி
கட்டைவிரலால் வாயை அடைத்துக் குலுக்குவான்.
"தூங்கவா அக்கா குடிக்கிறோம்?
சனிக்கிழம ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு,
அதையும் தூங்கித் தொலைக்கணுமா?"
பதில் இல்லை என்னிடம்.
எனக்குச் சனிக்கிழமையும் இல்லை.

ஒரு மணி இருக்கும்.
காற்றடிக்கும் இடத்து மஞ்சள் கோட்டின் மேல்
அடிமேல் அடி வைத்து நடந்து காட்டினான்.
பிசகவே இல்லை.
பம்புப் பக்கம் நின்ற ஷஃபிகுல்கூடக் கைதட்டினான்.
கண்ணாடிக்குள் இருந்து நானும் நம்பினேன்.

வெறி என்றால் தள்ளாடும், உளறும்,
சுவரைத் தேடிப் பிடிக்கும்,
அப்பாவைப் பார்த்துப் படித்திருந்தேன்.
இதுவோ தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு
நேர்காணலுக்கு வந்தவன் மாதிரி நின்றது.
வெறி ஒரு சொட்டும் குறையவில்லை;
அதற்குக் கண்ணை மட்டும்
திறந்துவிட்டிருந்தது அந்த டின்.

நாலு மணிக்குத் தனியாக வந்தான்,
மோட்டாரைத் தள்ளிக்கொண்டு.
"அக்கா, உள்ள புல்லு வெட்டுற மிஷின் ஓடுது.
ஆஃப் பண்ணத் தெரியல."
ஒரு சொல் குழறவில்லை.
அதுதான் பயமாயிருந்தது.

ஆம்புலன்ஸ் தஞ்சோங் காராங்கிலிருந்து வரவேண்டும்.
ஷஃபிகுல் தன் ஜாக்கெட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தான்,
வங்காளத்தில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.
நான் மணிக்கட்டைப் பிடித்து எண்ணப் பார்த்தேன்.
தகரக் கூரையில் விழும் மழையை யார் எண்ணுவது?
தடதடவென்று,
நடுவில் ஒரு நிறுத்தம்,
மறுபடி தடதட.
அந்த நிறுத்தத்தில்
ஐஸ்கிரீம் பெட்டியின் உறுமல் எனக்குக் கேட்டது.

பிழைத்தான்.
மூன்று நாள் நெஞ்சில் ஒயர் ஒட்டி வைத்திருந்தார்கள்.
எவ்வளவு குடித்தாய் என்று டாக்டர் கேட்டாராம்.
"எனக்கு வெறிக்கவே இல்ல டாக்டர்" என்றானாம்.
பொய் சொல்லவில்லை அவன்.

அடுத்த சம்பளச் சனி.
நாலு பேர், அதே மூன்று மோட்டார்.
"அக்கா, இன்னிக்கு மிஷின் கலக்குறோம்.
ஆறு டின்!"
மிஷின்.
பேரே வைத்துவிட்டார்கள்.
தோளில் தட்டி, நெஞ்சைப் பிடித்து விழுவதுபோல் நடித்து
ஒருவன் அரிசிச் சிப்பங்கள் மேல் சாய்ந்தான்.
"அவன் ஆஸ்பத்திரியில கெடந்தான்டா" என்றேன்.
"அவனுக்கு ஒடம்பு வீக் அக்கா."
ஆறு தடவை பீப்.
மூணு சும்மா என்று நான் சொல்லவில்லை.
அவர்களே போய் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும்
அலமாரியில் தொங்கும் சலுகை அட்டையை
முகம் சுவரைப் பார்க்கத் திருப்பினேன்.
காலையில் மேனேஜர் நேராக்கிவிடுகிறார்.
ராத்திரி நான் திருப்புகிறேன்.
இந்த வாரம் ஐந்து தடவை ஆயிற்று,
இருவருமே வாய் திறக்கவில்லை.

நேற்று தர்வின் வந்தான்.
மூன்று வெள்ளிக்கு எண்ணெய், ஒரு தண்ணிப் போத்தல்.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டான்.
"தூங்குறியாடா?" என்றேன்.
ஹெல்மெட் வாரை மாட்டினான், கழற்றினான்,
மறுபடி மாட்டினான்.
"கண்ண மூடுனா
அது ஓடுதான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன் அக்கா."