எண்பத்தேழு காலடி

அப்பாவின் ராணுவப் பதிவேட்டில்
பீரங்கிப் படை, மூன்றாம் பேட்டரி,
பணி: கணக்காளர் என்றிருக்கிறது.
சம்பளப் பட்டுவாடா செய்தவர் என்று நினைத்துக்கொண்டு
பள்ளியிலும் அப்படியே சொல்லிவிட்டேன்.
வெய்க்கோவின் அப்பா டாங்கியைக் கொளுத்தியவர்.
என் அப்பா சம்பளம் கொடுத்தவர்.
யாரும் திருத்தவில்லை, அப்பா உட்பட.

குவோப்பியோவுக்கு வடக்கே அவர் வீட்டைக்
காலி செய்த வாரம்
தூண்டில் பெட்டிக்கு அடியில்
எண்ணெய்த்தாளில் சுற்றிய குறிப்பேடு.
காற்றின் வேகம். வெடிமருந்தின் குளிர். கோணம். தூரம்.
எழுபது பக்கம் பென்சில் எண்கள்,
ஓர் ஊர்ப்பெயர்கூட இல்லை.
எங்கே விழுந்தது என்பது அவர் வேலை இல்லை போலும்.

ஜூன் இருபத்து மூன்றில் மட்டும்
எண்களுக்கு நடுவே சொற்கள்:

கோயில் மணிக்கூண்டு, பள்ளிக்கூடம்: பனிச்சறுக்கில் ஆறு நிமிடம்.
பள்ளிக்கூடம், லெம்பியின் வைக்கோல் கொட்டில்: இரண்டு கல்லெறி.
கொட்டில், எங்கள் கிணறு: எண்பத்தேழு காலடி
(பத்து வயதுக் கால்).

கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே எல்லாம் மீட்டரில்.

ஹில்கா அத்தையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
கெண்டி கொதித்து அடங்கும்வரை பேச்சில்லை.
பிறகு சொன்னாள்:
"வரைபடம் தப்பாம். இந்த ஊர் யாருக்குத் தெரியும்னு
அதிகாரி கேட்டிருக்கார்.
கை தூக்கினது உங்கப்பன் ஒருத்தன்தான்.
நாங்க அப்பவே மாட்டு ரயிலில் ஏறிட்டோம்,
ஊருக்குள்ளே அவங்கதான் இருந்தாங்க.
முதல் குண்டே சரியாம்.
'புகைபோக்கி மட்டும் நிக்குது'ன்னு
முன்னாலிருந்து கம்பியில் ஒரு குரல் வந்துச்சாம்.
யார் வீட்டுப் புகைபோக்கின்னு அந்தக் குரலுக்குத் தெரியாது."

கொஞ்சம் கழித்து,
"அம்மா ஒரு வாரம் அவனோட பேசலை.
வீட்டுக்காக இல்லை.
உள்ளே தையல் மெஷின் இருந்துச்சு."

அத்தை சிரித்தாளா என்று
கம்பி வழியே எனக்கும் தெரியவில்லை.

இந்த வீட்டுக் கிணற்றை அப்பாவே தோண்டினார்.
முப்பது வருடம், காலையிலும் மாலையிலும், இரண்டு வாளி.
சமையலறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று
குழாய் போட வந்தவன் கேட்டபோது
"தெரியாது, அளந்துக்கோ" என்றார்.
இவருக்கா தெரியாது என்று
அன்றைக்கு நான் வியக்கவில்லை.
சம்பளக்காரர்தானே.

நேற்று, சாவியைக் கொடுப்பதற்கு முன்
அந்த வழியே ஒரு தடவை நடந்தேன்.
வேண்டாம் என்று நினைத்தும் கால்கள் எண்ணிக்கொண்டே போயின.

அந்த எண்ணை
இங்கே எழுதப்போவதில்லை.