அரை மூச்சு

வெள்ளிக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை
அந்த ஹால் எங்களுடையது.
எங்களுக்கு முன் தெலுங்கு, எங்களுக்குப் பின் பிலிப்பினோ.
யாரோ ஜெபித்து எழுந்த நாற்காலியில் சூடு மிச்சமிருக்கும்.
ரூவி வெயிலை வாசலில் உதறிவிட்டு
அதன்மேல் உட்காருவோம்.

நான் கீபோர்டு வாசிப்பவள்.
மற்ற நாளெல்லாம் வாதி கபீரில் ஒரு டயர் கடைக்குக் கணக்கு.
முடிகிற இடத்தில் முடிந்துவிட வேண்டும் எனக்கு,
பேரேடானாலும் பாமாலையானாலும்.

முடியாது.
எல்லாரும் சொல்லி அடங்கிய பிறகு
கடைசி வரிசையில், தூணை ஒட்டி,
தனியாகக் கிளம்பும் ஓர் ஆமென்.

ஞானசிகாமணி.
மிஸ்ஃபாவில் கல் நொறுக்கும் இயந்திரத்தடியில் பதினொரு வருடம்.
காதில் பாதியை அது நொறுக்கிவிட்டது.
நாங்கள் கண்ணை மூடி ஜெபிப்போம், அவர் திறந்து வைத்துக்கொண்டு.
முன்னால் தலைகள் நிமிர்வதைப் பார்த்துத்தான்
முடிந்ததென்று தெரிந்துகொள்வார்.

நாற்காலி அடுக்குவார், தண்ணீர்க் கேன் தூக்குவார்
என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.
அப்படியெல்லாம் இல்லை.
வருவார். உட்காருவார். டீயில் மூன்று கரண்டி சர்க்கரை.
பிறகு கேம்ப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.
சந்தாவில் எட்டு மாதம் பாக்கி.

"ரெக்கார்டிங் கெட்டுப்போகுது ஐயரே,
ஊர்ல எல்லாரும் பார்க்கிறாங்க,
அந்தப் பக்கத்து மைக்கைத் திருப்பிடலாமா?"
பாடகர் குழு கேட்டதாகத்தான் செயற்குழுக் குறிப்பில் இருக்கிறது.
கேட்டது நான்.
ஐயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம்.
மைக்கைத் திருப்பினோம்.

நோன்பு மாதம் தொடங்கியபோது
கம்பெனி அவரை துக்முக்கு அனுப்பிவிட்டது.
ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் மணல்தான்.
பிரியாவிடை இல்லை, கேக் இல்லை.
அதெல்லாம் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு.

அடுத்த வெள்ளி, பாட்டு முடிந்தது.
முடிகிற இடத்தில், அப்படியே.
என் விரல் எழவில்லை.
கடைசிச் சுரம் இழுத்துக்கொண்டே போகிறது;
ரத்னபாய் அக்கா புத்தகத்தை மூடாமல் நிற்கிறார்;
லிங்கதுரையின் சின்ன மகன்
திரும்பித் தூணைப் பார்க்கிறான்.
ஏசி மட்டும் உறுமியது.

எத்தனை வருடமாகவோ
சபை மொத்தமும் அவருக்காக
அரை மூச்சைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது.
என்னைத் தவிர எல்லாருக்கும் அது தெரிந்திருந்ததோ,
இல்லை, யாருக்குமே தெரியவில்லையோ.

ஐந்து பைசா உதைத்தால்
இரவு முழுக்கக் கணக்கைக் குடைகிறவள்.
இந்தக் குறைவை எந்தப் பத்தியில் எழுதுவேன்?

நம்பரை லிங்கதுரைதான் தேடிப் பிடித்தார்.
அங்கே எந்த ஆப் எடுக்கும் என்று கண்டுபிடிக்க
இரண்டு வாரம் ஆயிற்று.
குரல் மட்டும் போதாது அவருக்கு, தலைகள் தெரிய வேண்டும்.
ஆகவே கடைசி வரிசையில், தூணை ஒட்டி,
நாற்காலிமேல் இரண்டு பைபிளை அடுக்கி
போனைச் சாய்த்து வைத்தோம்.
மைக்கை நானே திருப்பினேன், பழைய பக்கம்.

ஜெபம் முடிந்தது. ஆமென் என்றோம்.
திரையில் பாதி முகம், ஒரு ஹெல்மெட்,
பின்னால் புழுதியா கடலா தெரியவில்லை.
உதடு பிரியப் போகிற நேரத்தில்
படம் உறைந்து, வட்டம் சுற்றத் தொடங்கியது.

மூன்று மணி.
மூன்று ஒன்று.
பிலிப்பினோக்கள் கதவைத் திறந்து நிற்கிறார்கள்,
கையில் கிட்டாரும் பலகாரத் தட்டுகளும்.
ஒருத்தி எட்டிப் பார்த்து
முடிந்துவிட்டதா என்று சைகையில் கேட்கிறாள்.

சுரத்திலிருந்து விரலை எடுக்காமல்
தலையை மட்டும் ஆட்டினேன்,
இல்லையென்று.